பத்தாயிரம் ரூபாய் போன பிறகுதான் தெரிந்தது, கோளாறு ஒரு ரப்பர் குழாயில் என்று

கொல்லிமலையில் இருந்து இறங்கும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டு வருவது என் மகனின் வேலை. காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. அவன் "நாப்பத்தி ரெண்டு" என்று கத்திய வளைவில்தான் பிரேக் பெடல் என் காலுக்குக் கீழே பஞ்சு மாதிரி அமுங்கிப் போனது. முழுதாக இல்லாமல் போகவில்லை. அடி வரை மிதித்தால் லேசாகப் பிடித்தது. ஆனால் அடுத்த வளைவுக்கு அது போதாது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. பின் சீட்டில் அம்மா, மடியில் அறப்பளீஸ்வரர் கோவில் பிரசாதப் பை. 2022 ஆகஸ்ட், ஆடிப் பெருக்குக் கூட்டம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

இரண்டாவது கியரில் இருந்து முதல் கியருக்கு மாற்றினேன். எஞ்சின் அலறியது, வண்டி கொஞ்சம் அடங்கியது. ஹேண்ட் பிரேக்கைப் பட்டென்று இழுக்காமல், பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, மலைப் பக்கச் சுவரோரம் ஒதுக்கி நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் கம்பிக் கேபிளில் இழுத்துப் பின் சக்கரத்தைப் பிடிப்பது. பிரேக் ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பெடல் போனாலும் அது வேலை செய்யும். அன்றைக்கு அது எனக்குத் தெரிந்திருந்தது தெய்வச் செயல். மலை இறங்குகிற யாரும் இதை ஒரு தடவையாவது காலி மைதானத்தில் பழகிப் பாருங்கள்.

இறங்கிப் பார்த்தால் முன் இடது சக்கரத்தில் இருந்து நாற்றம். காய்ந்த இரும்பும் கருகிய ரப்பரும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை, லேசான புகை. வலது சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனால் சூடு, அவ்வளவுதான். இடது பக்கம் ஒரு சாண் தூரத்திலேயே கை பொறுக்கவில்லை. பின்னால் வந்த வேன்காரர் ஒருவர் நல்ல மனசோடு தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவர் கூட வந்தவர்தான் தடுத்தார், அப்படிக் காய்ந்திருக்கும் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு) மேல் தண்ணீர் ஊற்றினால் வளைந்துவிடும், வெடித்துக்கூடப் போகலாம் என்று. சக்கரத்துக்குக் கீழே இரண்டு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தோம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஆறிய பிறகு பெடல் திரும்பி வந்துவிட்டது! சக்கரமும் சுலபமாக உருண்டது. முதல் கியரிலேயே ஊர்ந்து நாமக்கல் வந்து சேர்ந்தோம். ஆறினால் சரியாகிவிடுகிற இந்த குணம்தான் என்னை மாதக்கணக்கில் ஏமாற்றியது. அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

கார் அப்பாவுடையது. 2006-இல் வாங்கினார், அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன். கணவர் கத்தாரில் வேலை, ஆக வண்டி சம்பந்தப்பட்ட எல்லாம் என் தலையில்தான். அந்த வருஷம் மே மாதமே அறிகுறிகள் ஆரம்பித்துவிட்டன. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தந்த வண்டி 13-க்கு இறங்கியது. இடது முன் சக்கரத்து வீல் கப் மட்டும் கரி பூசிய மாதிரி கறுத்துப் போகும். வலது பக்கம் சுத்தமாக இருக்கும். பிரேக் மிதித்துவிட்டுக் காலை எடுத்த பிறகு வண்டி இடது பக்கம் மெதுவாக இழுக்கும். நியூட்ரலில் விட்டால் உருள வேண்டிய இடத்தில் உருளாமல் நின்றுவிடும். இதெல்லாம் தனித்தனியாக நடந்ததால் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

முதல் பட்டறையில் பேடு, அதாவது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற கட்டை, தேய்ந்துவிட்டது என்றார்கள். பேடு 1,650, கூலி 400. ஒரு வாரத்தில் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. வண்டி இழுக்கிறது என்றதும் வீல் அலைன்மென்ட் பாருங்கள் என்று ஒருவர் சொல்ல, அதற்கு 450. இரண்டாவது பட்டறையில், டிஸ்க்கைக் கவ்வுகிற கேலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன் சிக்குகிறது என்றார்கள். சீல் கிட் 900, டிஸ்க்கை லேத்தில் கொடுத்து இழைக்க 600, கூலி 700. ஒவ்வொரு தடவையும் காலையில் ஆறிய வண்டியைக் கொண்டுபோய் விடுவேன். அவர்கள் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பார்கள், அழகாகச் சுற்றும். "சரியாயிடுச்சுக்கா" என்று தந்துவிடுவார்கள். மலை இறங்கிய பிறகு போனது மூன்றாவது பட்டறை. அங்கே கேலிப்பரையே மாற்றச் சொன்னார்கள். பயத்தில் நான் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கேலிப்பர் 4,200, கூலி 800. மொத்தம் 9,700 ரூபாய், நான்கு நாள் லீவு. பத்தாவது நாள், மோகனூர் ரோட்டில், அதே வாடை.

அன்றைக்கு ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். பணம் போனதற்காக மட்டும் இல்லை. பையனைப் பள்ளியில் விடுகிற வண்டி இது, இதை இனி நம்பவே முடியாதோ என்ற பயம். விற்றுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்குப் பஞ்சம் இல்லை. பக்கத்து வீட்டு லாரி டிரைவர் அண்ணா ஒரு பெரியவரிடம் அனுப்பினார். எழுபது வயதைத் தாண்டியவர், பிரேக் வேலை மட்டும் செய்கிறவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தையே மற்ற மூன்று பேரும் சொல்லாதது. "வண்டி ஆறிப்போய் வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க கண்ணு. பைபாஸ்ல நாலஞ்சு கிலோமீட்டர் போய், அடிக்கடி பிரேக்கப் புடிச்சு, சூடு ஏறினதும் நிக்காம நேரா இங்க கொண்டாங்க."

அப்படியே கொண்டுபோனேன். ஜாக்கி போட்டு, கீழே ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க்கைச் சுற்றச் சொன்னார், இரண்டு கையால் தள்ளியும் அசையவில்லை. அப்புறம் அவர் செய்ததை நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் இருந்து வரும் இரும்புப் பைப்பும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தில் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினார். கொஞ்சம் ஆயில் கசிந்தது. டிஸ்க் அசையவில்லை. நட்டை இறுக்கிவிட்டு, கேலிப்பரில் ஏர் எடுக்கிற (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே விடுகிற) நிப்பிளில் சின்னக் குழாய் மாட்டி, கண்ணாடி டம்ளரில் விட்டு, நிப்பிளைத் திறந்தார். ஆயில் சீறிக்கொண்டு வந்து டம்ளரின் பக்கத்தில் அடித்தது. டிஸ்க் ஒரு விரலால் தள்ளியதற்கே சுற்றியது. "மேல தொறந்தா விடல, கீழ தொறந்தா விட்டுச்சு. நடுவுல இருக்கறது இந்த ஹோஸ் ஒண்ணுதானுங்க" என்றார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

இந்தச் சோதனையை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சக்கரம் இறுகிப் பிடித்திருக்கும்போதே செய்ய வேண்டும். மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பைப்பைத் தளர்த்தினால் சக்கரம் விடுகிறது என்றால் கோளாறு மேலே. கீழே நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுகிறது என்றால் ஹோஸ் அடைத்திருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால்தான் கேலிப்பர் பிஸ்டனோ, கேலிப்பர் நகர உதவும் கம்பியோ சிக்கியிருக்கிறது. கேலிப்பர் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஹோஸைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வெளியே பார்த்தால் ஒன்றும் இல்லை. கறுப்பாக, முழுதாக, கொஞ்சம் தூசியோடு இருந்தது. அவர் அதைப் பிளேடால் நீளவாக்கில் கீறினார். வெளி ரப்பர், அதற்குள் நூல் பின்னல், அதற்குள் இன்னொரு ரப்பர் குழாய். அந்த உள் குழாய் ஊதிப் போய், ஓரிடத்தில் உரிந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. துவாரத்தில் ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது. பிரேக் மிதிக்கும்போது நம் கால் பலத்தில் ஆயில் அந்த நாக்கைத் தள்ளிக்கொண்டு கேலிப்பருக்குப் போய்விடுகிறது. காலை எடுத்ததும் திரும்பி வர அந்த பலம் இல்லை, நாக்கு மூடிக்கொள்கிறது. அதனால் பேடு டிஸ்க்கைப் பிடித்தபடியே ஓடுகிறது, சூடு ஏறுகிறது. நேரம் போகப் போக ஆயில் மெல்லக் கசிந்து பின்னால் போனதும் சக்கரம் விட்டுவிடுகிறது. காலையில் பட்டறையில் அழகாகச் சுற்றியதன் காரணம் இதுதான். மலையில் பெடல் அமுங்கியதும் இதனால்தான். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்கிற ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் கொதிக்க 205 டிகிரி செல்சியஸாவது வேண்டும், ஈரம் ஏறியதற்கு 140 போதும். என் வண்டியில் கடைசியாக எப்போது ஆயில் மாற்றியது என்று யாருக்கும் தெரியாது. ஆயில் கொதித்து உள்ளே குமிழி வந்துவிட்டால், நாம் மிதிப்பது ஆயிலை இல்லை, குமிழியைத்தான்.

ஒரு விஷயம் இன்றைக்கும் ஆறவில்லை. கேலிப்பரை மாற்றிய மூன்றாவது பட்டறையில் இதே ஹோஸைக் கையில் பிடித்துக் கழற்றியிருக்கிறார்கள். வாயில் ஊதிப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். அதே ஹோஸை, அதே பழைய செம்பு வாஷரோடு திரும்ப மாட்டித் தந்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி ஆனது என்று பெரியவரிடம் கேட்டேன். பதினாறு வருஷம் ஆச்சுங்க, ரப்பர்தானே என்றார் முதலில். அப்புறம் அடிப்பக்கம் விரலால் தடவிக் காட்டினார், பிசுபிசுப்பு. மழைக்கு முன்னால் வாட்டர் வாஷ் செய்யும்போது துருப் பிடிக்காமல் இருக்க அடியில் பழைய ஆயிலும் டீசலும் கலந்து அடிப்பார்கள் இல்லையா, அப்பா காலத்தில் இருந்தே வருஷம் தவறாமல் செய்தோம். தகரத்துக்கு நல்லது, பிரேக் ஹோஸ் ரப்பருக்கு விஷம். எஞ்சின் ஆயில், டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் எது பட்டாலும் அந்த ரப்பர் ஊறி ஊதிவிடும். நாம் பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர, டாட் 3, டாட் 4 எல்லாம் எண்ணெய் இனமே இல்லை, அந்த ரப்பர் அதற்காகச் செய்தது. பிரேக் ஆயில் ஊற்றுகிற டப்பாவில் தவறுதலாகக்கூட வேறு ஆயிலை ஊற்றிவிட்டால் சீல், ஹோஸ் எல்லாமே போய்விடும். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. முதல் பட்டறையில் பேடு மாற்றும்போது பையன் கேலிப்பரைக் கழற்றி ஹோஸிலேயே தொங்க விட்டிருந்தான். இரண்டு மூன்று கிலோ இரும்பு ஒரு பழைய ரப்பர் குழாயில் ஆடிக்கொண்டிருந்தது. அது தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு கம்பித் துண்டில் கட்டித் தொங்கவிட வேண்டும். இப்போது நானே கம்பியை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

சரி, ஒன்று போயிருக்கிறது, மற்ற மூன்றும் அதே வயசு. நான்கையும் மாற்றிவிடலாம் என்றார். முன் ஹோஸ் ஒன்று 520, பின் ஹோஸ் ஒன்று 480, நான்கும் சேர்த்து 2,000 ரூபாய். செம்பு வாஷர் நான்கு 60. ஆயில் 440. இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கேலிப்பர் விலைகூட இல்லை.

வாங்குவதற்கு என்னையே கடைக்கு அனுப்பினார், பழைய ஹோஸை மாதிரிக்குக் கையில் கொடுத்து. நீளம் அரை அங்குலம்கூட மாறக் கூடாது. குட்டையாக இருந்தால் சக்கரம் முழுக்கத் திரும்பும்போது இழுபடும், நீளமாக இருந்தால் டயரில் உரசும். இடது வலது வேறு வேறாக இருக்கலாம், முனையில் உள்ள இரும்பின் வளைவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஹோஸ் மேலேயே தயாரித்த தேதி அச்சிட்டிருப்பார்கள், கடையில் கிடந்து நாலைந்து வருஷம் ஆனதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் பார்த்த முதல் கடையில் ஒன்றில் எழுத்தே இல்லை, வழவழவென்று இருந்தது. விலை 180 மட்டும். அதை வைத்துவிட்டு வேறு கடைக்குப் போய், பில்லோடு கம்பெனி ஐட்டம் வாங்கினேன். பிரேக் ஆயிலும் சீல் உடைக்காத புது பாட்டில்தான். திறந்து வைத்த பாதி பாட்டில் அலமாரியிலேயே ஈரம் உறிஞ்சியிருக்கும்.

முன்பக்கம் இரண்டும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பின்பக்கம்தான் படுத்தியது. இரும்புப் பைப்பும் ஹோஸும் சேரும் 10 எம்எம் நட்டு துருப்பிடித்துப் பைப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். அதற்கென்று வாயில் ஒரு சின்ன வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர் இருக்கிறது, பைப்பைத் தாண்டி உள்ளே போய் நட்டை நாலா பக்கமும் கவ்வும். வேலையை ஆரம்பிக்கும் முன் அது பட்டறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க ஊற விட்டும், வலது பின்பக்கம் நட்டோடு பைப் முறுக்கி உடைந்தது. புதுப் பைப் வெட்டி, வளைத்து, வாய் விரித்து மாட்ட 350. ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆனது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதை எதிர்பார்த்து, அடுத்த நாள் அவசரப் பயணம் இல்லாத நேரமாகப் பார்த்து வண்டியை விடுங்கள். கூலி 1,200 சேர்த்து அவரிடம் ஆனது மொத்தம் 4,050.

கழற்றிய பின் ஹோஸைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. முன் ஹோஸாவது அடைத்துக்கொண்டது. இது இரும்பு முனையை ஒட்டி மோதிரம் மாதிரி சுற்றி வெடித்திருந்தது, வளைத்தால் உள்ளே நூல் பின்னல் தெரிந்தது. அடைத்த ஹோஸ் எனக்கு மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தது. இது ஒன்றும் சொல்லாமல் ஒரு நாள் அறுந்திருக்கும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது முறுக்கு. ஹோஸின் நீளத்துக்கு ஒரு கோடு ஓடும், அது நேராக இருக்க வேண்டும், கொடி மாதிரி சுற்றிக்கொண்டு போனால் முறுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். நடுவில் பிடிக்கிற கிளிப் விட்டுப்போகக் கூடாது. மாட்டியதும் ஸ்டீயரிங்கை முழுக்க இடது, முழுக்க வலது திருப்பி, டயரிலோ கம்பியிலோ உரசுகிறதா என்று பார்த்தார். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது ஒரு தடவை, தரையில் இறக்கிய பிறகு ஒரு தடவை. அப்புறம் ஏர் எடுப்பது. எங்கள் வண்டிக்கு மாஸ்டர் சிலிண்டரில் இருந்து தூரமான இடது பின் சக்கரத்தில் ஆரம்பித்து, கிட்டத்தில் இருக்கிற வலது முன் சக்கரத்தில் முடித்தார். எல்லா வண்டிக்கும் வரிசை ஒன்று இல்லை, வண்டியோடு வந்த புத்தகத்தையோ தெரிந்தவரையோ கேளுங்கள். நான்தான் உள்ளே உட்கார்ந்து பெடல் மிதித்தேன். அவர் "மிதி", "புடிச்சுக்க", "விடு" என்று சொல்லச் சொல்ல, டம்ளரில் முதலில் காப்பித் தண்ணி மாதிரி வந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேன் நிறத்துக்கு மாறியது. இடையில் மேலே டப்பாவில் ஆயில் குறைய விடவே கூடாது, காற்று உள்ளே போனால் முதலில் இருந்து. சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், பெயிண்டை உரித்துவிடும். என் பம்பர் ஓரத்தில் அந்த வடு இருக்கிறது, மூன்றாவது பட்டறை தந்தது. கடைசியாக எஞ்சினை ஓட விட்டு, ஒரு நிமிஷம் முழு பலத்தில் பெடலை மிதித்தபடி இருக்கச் சொல்லி, நான்கு சக்கரத்திலும் டார்ச் அடித்துப் பார்த்தார். பெடல் கீழே இறங்காமல் நின்றது.

வீட்டிலேயே நாம் செய்யக்கூடிய சோதனை பெரிய விஷயம் இல்லை. சமதரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் முன் ஹோஸ் சக்கரத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியும், ஜாக்கி வேண்டாம். டார்ச் அடித்து இரும்பு முனையை ஒட்டிய இடத்தைப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். ஈரம் இருக்கிறதா, உரசிய தடம் இருக்கிறதா பாருங்கள். வீட்டில் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி, அந்த நேரம் ஹோஸ் எங்காவது உப்புகிறதா என்று கவனியுங்கள். உப்பினால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பின் ஹோஸைப் பார்க்க மட்டும் வண்டிக்கு அடியில் போக வேண்டி வரும், அதைப் பட்டறையில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். உள்ளே அடைப்பதை மட்டும் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குத்தான் சூடு. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும், தொடாமல், இரண்டு முன் சக்கரத்துப் பக்கமும் கையைக் காட்டிப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே சூடாக இருக்க வேண்டும்.

வண்டியை நான் விற்கவில்லை. பானெட்டுக்கு உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் "பிரேக் ஹோஸ் நாலும், ஆயிலும், செப்டம்பர் 2022" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஹோஸ் ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை என்று பெரியவர் கணக்கு. அடியில் ஆயில் அடிப்பதை நிறுத்திவிட்டேன். அடுத்த தை மாதம் அம்மாவைக் கேட்டேன், மறுபடி மலைக்குப் போகலாமா என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வருகிறேன் என்றார். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வந்தேன், பாதி வழியில் ஒரு தடவை நிறுத்திச் சக்கரங்களை ஆற விட்டேன். காரவள்ளியில் நிறுத்தி முன் சக்கரங்கள் இரண்டின் பக்கமும் கையைக் காட்டிப் பார்த்தேன். அம்மாவும் இறங்கி வந்து, நான் செய்த மாதிரியே இரண்டு பக்கமும் கையைக் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் டீக்கடைக்கு நடந்தார்.